அடுத்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம்: வாசகர் கேள்வி – பதில்

காலை உணவாக வீட்டில் செய்து, உறவினரோடும் நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ளும் இனிப்புகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. செய்யத் தெரியவில்லை என்று எழுதியவர்கள் குறைவு. செய்த பண்டம் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இறுகிவிட்டது, ஊருக்கு அனுப்பியது நொறுங்கிவிட்டது, விருந்தினர் வாயில் வைத்தபோது புளித்திருந்தது என்று வருந்தி எழுதியவர்களே மிகுதி. ஆகையால், ஒரு பண்டத்தை அடுப்பில் ஏற்றும்போதே அதை யார், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து உண்ணப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற என் எண்ணத்தைப் பல பதில்களில் மீண்டும் மீண்டும் காண்பீர்கள்.

கேள்வி: சாமையில் சர்க்கரைப் பொங்கல் செய்து காலையில் நான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். என் வீட்டில் உண்டபோது குழைவாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்த வீட்டில் கட்டியாகிவிட்டது என்றார்கள். அடுத்த முறை தளர்வாக இருக்கட்டும் என்று பால் ஊற்றினேன், பால் திரிந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, பென்னாகரம்

பதில்: தங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகுவது இயல்பு. அரிசிக்கும் அப்படியே என்றாலும், சாமை சிறு தானியம் ஆகையால் நீரை விரைவாக இழுத்துக்கொள்கிறது; நாம் அடுப்பை அணைத்த பின்னும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே வீட்டில் உடனே உண்பதற்கு ஒரு தம்ளர் சாமைக்கு மூன்றரைத் தம்ளர் நீர் போதும் என்றால், கொடுத்தனுப்புவதற்கு நான்கரை அல்லது ஐந்து தம்ளர் வைக்க வேண்டும். இறக்கும்போது, கரண்டியிலிருந்து வழுக்கி விழுகிறதே, இதைப் பொங்கல் என்று எப்படிக் கொடுப்பது என்று தயங்கும் அளவுக்குத் தளர்வாக இருந்தால்தான், அடுத்த தெருவில் அது பொங்கலாக இருக்கும்.

வெல்லத்தைச் சேர்க்கும் நேரமும் முக்கியமானது. இனிப்புச் சேர்ந்த பின் தானியமும் பருப்பும் மேற்கொண்டு வேகாது. கால் தம்ளர் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்துச் சாமையோடு சேர்த்து, விரலால் நசுக்கினால் மாவாகும் அளவு வேகவிட்ட பிறகே வெல்லக் கரைசலை ஊற்ற வேண்டும். ஒன்றரைத் தம்ளர் பொடித்த வெல்லத்தைத் தனியே சிறிது நீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல வெல்லத்திலும் மணல் இருக்கும். வெளிறிய மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் வெல்லத்தை நான் வாங்குவதில்லை. கரும்புச்சாற்றை நிறம் வெளுக்கச் செய்ய ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். நம் பக்கத்து ஆலைகளில் காய்ச்சும் கரும்பழுப்பு வெல்லமே பொங்கலுக்கு மணம் தருவது.

பால் திரிந்ததற்குக் காரணம், வெல்லத்தில் இயல்பாகவே சிறிது புளிப்புத்தன்மை இருப்பதாகும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தாலும், கொதிக்கும் வெல்லத்தில் பால் விழுந்தாலும் திரியக்கூடும். அடுப்பை அணைத்து, ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. எனக்குப் பிடித்தது தேங்காய்ப்பால். அரை மூடித் தேங்காயின் முதற்பாலை இறக்கும் தறுவாயில் ஊற்றிக் கிளறினால், பொங்கல் இறுகுவதும் தாமதமாகும். ஆனால் தேங்காய்ப்பால் சேர்த்ததைப் பிற்பகல்வரை வைக்கக் கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வரும், தவிடு முழுவதும் போகாத சாம்பல் நிறச் சாமை தங்களுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அரை மணி நேரம் ஊறவைத்துக் கல் அரித்துச் செய்ய வேண்டியிருக்கும். வேகவும் கூடுதல் நேரம் பிடிக்கும். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும் என்பதையும் நினைவில் கொண்டு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும். அதற்கு மேல் போட்டால் சாமையின் மணமே தெரியாது.

கேள்வி: என் பிள்ளைகள் கேழ்வரகுக் களியைத் தொடுவதில்லை. பள்ளி நாளின் காலையில் கேழ்வரகில் இனிப்பாக எதைச் செய்து தரலாம்? அவர்களுடைய தோழர்களுக்கும் டப்பாவில் வைத்துத் தர விரும்புகிறேன்.
– வாசகி, காரிமங்கலம்

பதில்: இரண்டு பண்டங்களைச் சொல்கிறேன், ஒன்று பள்ளி நாளுக்கு, மற்றொன்று விடுமுறை நாளுக்கு.

பள்ளி நாளுக்கு ஏற்றது இனிப்பு அடை. இரண்டு தம்ளர் கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடித் தேங்காய்த் துருவல், வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்து, முக்கால் தம்ளர் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய நீரைச் சூடாக ஊற்றிப் பிசைய வேண்டும். சூடான நீரில் பிசைந்தால்தான் கேழ்வரகு மாவு விரிசல் விடாமல் தட்ட வரும். ஆறிய நீரில் பிசைந்த அடை கல்லிலிருந்து எடுக்கும்போதே பிளக்கும். வாழையிலையில் தட்டி, மிதமான தீயில், சுற்றிலும் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு இருபுறமும் வேகவிடுங்கள். தட்டிய அடையின் நடுவில் விரலால் ஒரு துளை இட்டு அதிலும் எண்ணெய் விடுவது என் பாட்டியின் வழக்கம். நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும் குறை அதனால் நீங்குகிறது. இந்த அடை மதியம் வரை மென்மையாக இருக்கும். டப்பாவில் வைப்பதற்கு முன் துணியில் போட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நனைந்துவிடும்.

விடுமுறை நாளுக்குக் கேழ்வரகுப் பால் அல்வா. ஒரு தம்ளர் கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நீர்விட்டு நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் மூன்று முறை பிழிந்து பால் எடுக்க வேண்டும். அந்தப் பாலோடு ஒன்றரைத் தம்ளர் வெல்லக் கரைசலையும், ஒரு தம்ளர் தேங்காய்ப்பாலையும் சேர்த்து அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, கையை எடுக்காமல் கிளறிக்கொண்டிருந்தால், முதலில் கூழாகி, பிறகு பளபளப்பேறி, இருபது நிமிடத்தில் பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். நெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவைத்து வில்லைகளாக வெட்டலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் கன்னடம் பேசும் வீடுகளில் இதை ஹால்பாய் என்பார்கள். அங்கே இதை உண்டு பழகியவர்களுக்கு வேறு அல்வா அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

தாயாராகிய தங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியோ கோதுமையோ அதற்கு அருகிலும் வராது. ஆனால் அந்தச் சத்தின் கணிசமான பகுதி தானியத்தின் தோலில் இருப்பதால், பால் பிழிந்து சக்கையை ஒதுக்கும்போது அதுவும் நார்ச்சத்தும் குறைந்துவிடுகின்றன. ஆகவே பால் அல்வா நாவுக்கு, அடை உடம்புக்கு. வாரம் முழுவதும் அடை, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்வா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது, பெரும்பாலும் பெங்களூரா. நண்பர்களைக் காலை உணவுக்கு அழைத்து மாம்பழக் கேசரி செய்தேன். ரவை சரியாக வேகவில்லை, மணமும் இல்லை. பழம் நன்றாகப் பழுத்ததுதான்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கிளிமூக்கு என்றும் நாம் அழைக்கும் பெங்களூரா, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பெருமளவில் போகும் பழம். சதைப்பற்று மிகுந்தது, நாள் தாங்குவது, ஆனால் மணத்தில் அல்போன்சாவுக்கோ மல்கோவாவுக்கோ ஈடாகாது, பழுத்த பின்னும் சிறிது புளிப்பு நிற்கும். கூழோடு சேர்த்து ரவையை வேகவைத்தால், அந்தப் புளிப்பாலும் பழத்தின் சர்க்கரையாலும் ரவை உப்பாமல் நின்றுவிடுகிறது. தங்கள் வீட்டில் நடந்தது அதுவாகவே இருக்கும்.

ஒரு தம்ளர் ரவையை நெய்யில் நன்கு வறுத்து, இரண்டரைத் தம்ளர் கொதிநீரில் முழுவதும் வேகவிட்டு, அதன் பிறகு முக்கால் தம்ளர் சர்க்கரையைச் சேர்த்துக் கிளறி, கடைசியாக ஒரு தம்ளர் பழக்கூழை ஊற்றி இரண்டே நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மாம்பழத்தின் மணம் ஆவியோடு போகக்கூடியது. நெடுநேரம் கொதித்தால் நிறம் மட்டும் மிஞ்சும். கூழில் பாதி பெங்களூராவும் பாதி செந்தூராவுமாகக் கலந்தால் சுவை எடுப்பாக இருக்கும்.

ஆனால் தோப்பு வைத்திருப்பவரிடம் என் மனத்தில் உள்ளதையும் சொல்கிறேன். நல்ல பழத்தைக் கேசரியில் போடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அல்போன்சாவோ மல்கோவாவோ நான்கு பழங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கெட்டியான தேங்காய்ப்பாலில் வெல்லத்தைத் தூவிக் கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, அடுப்பே ஏற்றாமல் கலந்து வைத்து, சூடான இடியாப்பத்தின் மேல் ஊற்றித் தாருங்கள். ஓசூர்ப் பக்கம் இதற்கு ரசாயனம் என்று பெயர். நண்பர்கள் உட்கார்ந்த பிறகு கலக்க வேண்டும். முன்னதாகக் கலந்தால் நீர்த்துவிடும். மிகுதியாகப் பழுத்துவிட்ட பெங்களூராவைக் கூழாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, காய்ந்ததன் மேல் மறுபடியும் ஊற்றி, நான்கைந்து நாள் வெயிலில் வைத்துச் சுருட்டி எடுத்தால், அது வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப ஏற்றது. ஆந்திர எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் இதைத் தாண்ட்ரா என்பார்கள்.

கேள்வி: திருமணமாகி ஓசூருக்கு வந்திருக்கிறேன். கணவர் வீட்டில் யுகாதிக்கு ஒப்பட்டு செய்து தெரு முழுவதும் தருவார்கள். நான் தட்டினால் பூரணம் வெளியே வந்துவிடுகிறது. மாமியாரிடம் மறுபடியும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, ஓசூர்

பதில்: முதலில், கூச்சப்படாமல் கேளுங்கள், அம்மா. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் அது. ஒப்பட்டு, ஒப்புட்டு, ஹோளிகே, போளி என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறுவது போலப் பக்குவமும் மாறும். தங்கள் மாமியார் வீட்டுப் பக்குவம் அவருக்கு மட்டுமே தெரியும். பொதுவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பூரணம் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான்: மேல்மாவும் பூரணமும் ஒரே மென்மையில் இல்லை. பூரணம் கெட்டியாக இருந்தால் மாவைக் கிழிக்கும். மாவு கெட்டியாக இருந்தால் பூரணம் பிதுங்கும். மைதாவையோ, சிரோட்டி ரவை எனப்படும் மிக நைசான ரவையையோ மஞ்சள்தூள் சேர்த்து, பூரி மாவைவிட மிகவும் தளர்வாக, கையில் ஒட்டும் பதத்தில் பிசைந்து, மேலே தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறிய பின் இழுத்தால் அறுந்துவிடாமல் ரப்பர் போல நீள வேண்டும். இந்த ஊறலைக் குறைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பயனில்லை.

பூரணத்துக்குத் துவரம்பருப்பையோ கடலைப்பருப்பையோ, விரலுக்கிடையில் நசுங்கும்படி, ஆனால் கரையாதபடி வேகவைத்து, நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பூரணத்தையும் சேர்த்து அதில் வைக்கும் ஒப்பட்டுச் சாறு, அன்றைய மதியச் சோற்றுக்கு இனிப்பும் காரமும் புளிப்பும் கலந்து அமையும். அந்த வீட்டில் தங்களுக்கு நற்பெயர் வாங்கித் தரும். வடித்த பருப்பில் சம அளவு வெல்லம் சேர்த்து வாணலியில் கிளறி, உருண்டை பிடிக்கும் பதம் வந்ததும் ஏலக்காயோடு அரைக்க வேண்டும். மாவு உருண்டையைவிடப் பூரண உருண்டை பெரிதாக இருக்கட்டும். வாழையிலையில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல் நுனியால் தட்டி, மிதமான தீயில் சுடுங்கள்.

பருப்பு ஒப்பட்டு மறுநாள் இன்னும் மென்மையாகும். ஆகவே தெருவுக்குக் கொடுப்பதை முந்தின இரவே செய்து, ஒவ்வொன்றாக ஆறவைத்து, இடையில் வாழையிலைத் துண்டு வைத்து அடுக்கிக்கொள்ளலாம். தேங்காய்ப் பூரணம் அப்படியல்ல. அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். கொடுக்கும்போது சிறு கிண்ணத்தில் உருக்கிய நெய்யும் வைத்துக் கொடுப்பது அந்த ஊர் வழக்கத்துக்குப் பொருந்தும்.

கேள்வி: ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது எங்கள் வழக்கம். மகன் பெங்களூருவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்காக அங்கே எரிவாயு அடுப்பில் சுடலாமா?
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: தருமபுரி, சேலம், ஈரோடு பக்கத்தவருக்கு நன்கு தெரிந்த இன்பம் இது, மற்ற மாவட்ட வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார் முழுவதும் போகும்படி தேங்காயைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து, நீரை வடித்து வைத்துக்கொண்டு, ஊறிய பச்சரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், வெல்லத்தூள், ஏலக்காய் ஆகியவற்றை உள்ளே இட்டு, வடித்த நீரில் கொஞ்சத்தை மறுபடியும் ஊற்றுவார்கள். கண்ணில் அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் எல்லோருமாக உட்கார்ந்து திருப்பித் திருப்பிச் சுட்டு, ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்து உடைத்து உண்பார்கள்.

எரிவாயு அடுப்பில் முழுத் தேங்காயைச் சுடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே ஆவி அடைபட்டு ஓடு தெறிக்கக்கூடும். குழந்தைகள் அருகில் நிற்பார்கள். குடியிருப்பு நிர்வாகம் ஒப்புக்கொண்டால், மொட்டைமாடியில் கரி அடுப்பு வைத்து, நீண்ட குச்சியில் செருகிப் பெரியவர் ஒருவர் சுடலாம். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்; அரிசியும் பருப்பும் வெந்து விரிவதற்கு இடம் வேண்டும். அதுவும் இயலாது என்றால், ஆடிப் பிறப்புக்குப் பேரப்பிள்ளைகளை ஊருக்கு வரச் சொல்லுங்கள், ஐயா. தீயைச் சுற்றி உட்காரும் பண்டிகை இது. தேங்காயை மட்டும் கொண்டுபோனால் பாதிதான் போய்ச் சேரும்.

கேள்வி: என் தந்தைக்குச் சர்க்கரை நோய். விருந்தினர் வரும்போது வெல்லத்தில் செய்த இனிப்பு என்றால் அவரும் உண்ணலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உண்மை இல்லை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கேழ்வரகும் சாமையும்கூட அளவோடு உண்ண வேண்டியவையே. எவ்வளவு உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டும். நான் சொல்லக்கூடியது ஒன்று: விருந்து நாளில் கேழ்வரகுப் புட்டை இனிப்பில்லாமல் அவித்து, தேங்காய்த் துருவலும் வறுத்த வேர்க்கடலையும் கலந்து, வெல்லத்தூளைத் தனிக் கிண்ணத்தில் நடுவில் வையுங்கள். வேண்டியவர்கள் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார்கள். தந்தையாரும் எல்லோரோடும் ஒரே பண்டத்தை உண்டதாக இருக்கும். அவருக்கென்று வேறு தட்டு வைப்பது அவரை எவ்வளவு வருத்தும் என்பதை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் கச்சாயம் செய்து அனுப்ப நினைத்தேன். எண்ணெயில் போட்டவுடன் கரைந்து பிரிந்துவிட்டது.
– வாசகி, அரூர்

பதில்: பாகு பதம் வருவதற்கு முன் மாவைக் கொட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதிரசம் என்று பிற ஊரார் சொல்லும் இந்தப் பண்டத்துக்கு, பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் எடுத்தால் மென்மையாக உருள வேண்டும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, பிடித்தால் பிடிபடும் ஈரத்திலேயே இடித்துச் சலிக்க வேண்டும். கடையில் விற்கும் காய்ந்த மாவு உதவாது. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் கணக்கு. கிளறிய மாவை ஒரு நாளாவது மூடி வைத்த பிறகே சுட வேண்டும். இப்போது தங்களிடம் மீதியிருக்கும் மாவில் இரண்டு கைப்பிடி ஈர அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து, மறுநாள் ஒன்றைச் சுட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தேறிவிடும்.

எடுத்தவுடன் இரண்டு கரண்டிகளுக்கிடையில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிந்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காற்றுப்புகாத டப்பாவில் அடுக்கி அனுப்புங்கள். முதல் நாள் மொறுமொறுப்பாகவும் மூன்றாம் நாள் மென்மையாகவும் மாறும். மகளின் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் அது நல்ல பதத்தில் இருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டிலிருந்து இனிப்பு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்கிறார்கள். வேலைக்குப் போகிறவள் நான். பதிலுக்குச் செய்ய நேரம் இல்லாதபோது என்ன வைத்துத் தருவது?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: செய்துதான் தர வேண்டும் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி சர்க்கரை, ஒரு அச்சு வெல்லம், புதுப் புளி வந்திருந்தால் ஓர் உருண்டை, பருவத்தில் இரண்டு மாம்பழம், எதுவும் இல்லையென்றால் வறுத்த வேர்க்கடலை. தருமபுரியில் எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்கும் எனக்கும் இடையில் ஒரே தூக்குப்போசி பல ஆண்டுகளாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. அது யார் வீட்டில் வாங்கியது என்பது இப்போது இருவருக்குமே நினைவில்லை. சென்ற வாரம் நான் சாமைப் பொங்கல் வைத்து அனுப்பினேன். நேற்று மாலை, அவர்கள் வீட்டுக் கொல்லையில் பறித்த முருங்கைக்கீரை ஒரு கட்டோடு திரும்பி வந்திருக்கிறது.